பட்டறைப் பதில்கள்: மஞ்சள் விளக்கு எரிந்தால் எந்த சென்சாரை மாற்றுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே கதைதான். டாஷ்போர்டில் மஞ்சள் செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) போட்டதில் இன்ன கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழை எண்) வந்தது, சென்சாரை மாற்றினேன், திரும்பவும் எரிகிறது. மழைக்காலம் வேறு. சென்சாரோடு வயரை இணைக்கிற கப்ளருக்குள் தண்ணீர் இறங்குவதும் பானெட்டுக்குள் எலி குடியேறுவதும் இப்போதுதான். அதனால் டயர், ஏசி, மைலேஜ் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க சென்சாரும் கோடும்தான். வண்டிகளின் கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டேன், சங்கதி எல்லா வண்டிக்கும் பொது என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: என் 2015 பெட்ரோல் காரில் பி0171 என்ற கோடு வந்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள். இருபது நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. டூப்ளிகேட்டாக இருக்கும் என்று ஒரிஜினல் வாங்கி மாற்றினோம். இப்போது மூன்றாவது முறை. நண்பரின் ப்ளூடூத் ஸ்கேனரில் பார்த்தபோது லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் ஐட்லிங்கில் +22, ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +6 என்று காட்டியது. இது எதற்காவது உதவுமா?
– ஆர்.எஸ்., திருப்பூர்

ப: உதவுமாவா! விடையை நீங்களே எழுதி அனுப்பிவிட்டு என்னிடம் கேள்வி கேட்கிறீர்கள்.

பி0171 சொல்வது இவ்வளவுதான்: எஞ்சினில் எரிகிற கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. பட்டறை மொழியில் லீன். ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. சொல்லப்போனால் சைலன்சர் குழாயில் உட்கார்ந்துகொண்டு, புகையை மோந்து பார்த்து, ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்குச் சேதி அனுப்பியதே அந்த சென்சார்தான். திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை விரட்டிவிட்டு வேறு நாய் வாங்கி வந்தால் அதுவும் குரைக்கத்தான் செய்யும். உங்கள் வீட்டில் மூன்றாவது நாய் குரைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த எண்களுக்கு வருவோம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கில் நிறுத்தத்தான் ஈசிஎம் ஓயாமல் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை சதவீதம் கூட்டினேன், குறைத்தேன் என்று அது எழுதி வைக்கிற கணக்குதான் ஃப்யூயல் ட்ரிம். கூட்டலிலும் கழித்தலிலும் பத்துக்குள் இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. பல வண்டிகளில் +25க்குப் பக்கம் போய் நின்றால் இந்தக் கோடு விழும்.

உங்கள் வண்டியில் ஐட்லிங்கில் 22, மிதித்தால் 6. எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது, அது வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஐட்லிங்கில் த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று போகிற கதவு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. மிதித்தால் மொத்தக் காற்று பல மடங்காகிவிடும், ஓட்டையின் பங்கு ஒன்றுமில்லாமல் போகும். இதுவே ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து, மேடு ஏறும்போதும் ஓவர்டேக் எடுக்கும்போதும் எண் ஏறினால் கதை வேறு. அப்போது பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கு பிடித்து காற்றைக் குறைத்து அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சார் என்று தேட வேண்டும்.

ஆக, ஓட்டையைத் தேடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் சுருக்கு வைத்த ரப்பர் குழாயில் இருந்து தொடங்குங்கள், அதன் அடிப்பக்க மடிப்பில்தான் வெடிப்பு விடும், மேலிருந்து பார்த்தால் புத்தம் புதுசாகத் தெரியும். அப்புறம் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ், எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப இழுக்கும் பிசிவி ஹோஸ், கடைசியாகச் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கிற இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட். புகை விட்டுப் பார்க்கும் மெஷின் உள்ள பட்டறையாக இருந்தால் பெரும்பாலும் அரை மணி நேர வேலை. சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கிற ஆளாக இருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இதெல்லாம் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கான கணக்கு. ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் ஒரு கப்ளர் இருந்தால் அதுதான் அது. அது இல்லாமல் மேனிஃபோல்டுக்குள் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார் மட்டும் வைத்து ஓடும் சின்ன கார்களில் இதே ஓட்டை விழுந்தால் லீன் கோடு வருவதைவிட ஐட்லிங் ஏறிப்போய் நிற்பதுதான் அதிகம், ஏனென்றால் மேனிஃபோல்டுக்குள் வந்துவிட்ட காற்றை, அது எந்த வழியாக வந்தாலும், மேப் சென்சார் கணக்கில் சேர்த்துவிடும்.

ஆக்சிஜன் சென்சார் உண்மையிலேயே கெடுவதே இல்லையா என்றால், கெடும். பி0133 வந்தால் அது மந்தமாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். பி0135 வந்தால் அதற்குள் இருக்கும் ஹீட்டர் சர்க்யூட், அதிலும் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். கழற்றிய பழைய சென்சார்கள் இரண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றும் இருக்காது.

கே: பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். கோடில் உள்ள எழுத்துக்கும் எண்களுக்கும் தனித்தனி அர்த்தம் உண்டா, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யணுமா சார்?
– கே.எம்., நாமக்கல்

ப: மனப்பாடம் வேண்டாம் தம்பி, அமைப்பைத் தெரிந்துகொண்டால் போதும். பி என்றால் எஞ்சினும் கியரும், பி என்றே இன்னொரு எழுத்து பாடிக்கு வரும் (ஆங்கிலத்தில் வேறு எழுத்து, தமிழில் எழுதினால் இந்தச் சிக்கல், இந்தப் பக்கத்தில் வரும் பி எல்லாமே எஞ்சின்தான்), சி என்றால் பிரேக், ஸ்டியரிங் பக்கம், யு என்றால் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. அதை இணையத்தில் தேடி வேறு கம்பெனி அர்த்தத்தை எடுத்துக்கொண்டு அல்லாடியவர்கள் நிறையப் பேர். மூன்றாவது இடத்தில் 1, 2 வந்தால் காற்று, எரிபொருள், 3 இக்னிஷன், மிஸ்ஃபயர், 4 புகைக் கட்டுப்பாடு, 7 கியர்பாக்ஸ்.

இதைவிட முக்கியமானது கோடோடு வருகிற வார்த்தை. 'சர்க்யூட் லோ', 'சர்க்யூட் ஹை' என்று வந்தால் வோல்டேஜ் பற்றிய பேச்சு. வெப்பமோ அழுத்தமோ குறைந்தது, கூடியது என்று அர்த்தம் இல்லை. 'ரேஞ்ச், பெர்ஃபார்மன்ஸ்' என்று வந்தால் வயர் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் சென்சார் சொல்வது நம்புகிற மாதிரி இல்லை என்று அர்த்தம். முதல் வகைக்கு மல்டிமீட்டர் எடு, இரண்டாவது வகைக்கு மற்ற சென்சார்களின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார். பரீட்சையில் இதைக் கேட்க மாட்டார்கள், பட்டறையில் தினமும் கேட்பார்கள்.

கே: கோடு பி0118. காலையில் ஸ்டார்ட் செய்ய நேரம் பிடிக்கிறது, பெட்ரோல் வாசனை அடிக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் சாவி போட்டதுமே ஓடுகிறது. கூலண்ட் சென்சார் மாற்றியாகிவிட்டது. ஸ்கேனரில் கூலண்ட் வெப்பம் −40 என்று காட்டுகிறது. மதுரையில் −40 டிகிரியா!
– ஜி., மதுரை

ப: சித்திரையில் இந்த எண்ணைப் பார்த்தால் ஆறுதலாகக்கூட இருக்கும்.

அந்த சென்சார் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற ஒரு சின்னப் பொருள். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,500 ஓம் பக்கம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் காட்டும். ஈசிஎம் தன் உள்ளே இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கிறது. வயர் எங்கேயாவது அறுந்திருந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ரெசிஸ்டன்ஸ் எக்கச்சக்கம், அப்படியானால் பயங்கரக் குளிர் என்று ஈசிஎம் முடிவு கட்டும், அதனால்தான் −40. பி0118இல் உள்ள 'ஹை' இந்த வோல்டேஜைத்தான் சொல்கிறது. குளிர்காலம் என்று நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், அதனால் வாசனை. சென்சாரை நம்ப முடியவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓடவிடும்.

இரண்டு நிமிடச் சோதனை ஒன்று உண்டு. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள். −40 சட்டென்று 130, 140க்கு ஏறினால் வயரும் ஈசிஎம்மும் சரி, குற்றம் சென்சாரில், அல்லது கப்ளருக்குள் பின் தளர்ந்து பிடிக்காமல் இருக்கிறது. −40லேயே நின்றால் வயர் அறுந்திருக்கிறது, நீங்கள் பத்து சென்சார் மாற்றினாலும் அப்படியேதான் நிற்கும். அந்த நிலையில் சிக்னல் வயரை மட்டும் பேட்டரி எர்த்தில் தொட்டுப் பார்த்து, எண் ஏறுகிறது என்றால் அறுந்தது எர்த் வயர். இந்த வித்தையை இரண்டு வயர் உள்ள இந்த வெப்ப சென்சாரில் மட்டும் செய்யுங்கள், மூன்று வயர் சென்சாரில் செய்து 5 வோல்ட்டை எர்த் செய்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

இதே குடும்பத்தில் பி0128 என்று ஒன்று வரும், எஞ்சின் போதுமான சூட்டுக்கு வரவில்லை என்று. அதற்கும் சென்சாரை மாற்றுகிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருப்பார். தெர்மோஸ்டாட்டை வாங்கித் திரும்பப் போடுங்கள், விளக்கு அணையும், மைலேஜும் கொஞ்சம் திரும்பி வரும்.

கே: ஊட்டியில் வண்டியை நிறுத்திவிட்டு சாவி மட்டும் ஆன் செய்து பார்த்தால் மேப் சென்சார் 77 கிலோபாஸ்கல் காட்டுகிறது. 100 காட்ட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். சென்சார் போச்சா?
– டி.ஆர்., ஈரோடு

ப: போகவில்லை. எஞ்சின் ஓடாதபோது மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே 77 சரியான எண். மெரினாவில் நிறுத்திப் பார்த்து அங்கேயும் 77 என்றால் எழுதுங்கள்.

கே: மூன்று நாள் மழையில் வண்டியை எடுக்கவே இல்லை. எடுத்தபோது ஆக்சிலரேட்டர் வேலை செய்யவில்லை, ஏசி ஓடவில்லை. ஸ்கேனரில் பி0107, பி0122, பி0532, பி0641 என்று நான்கு கோடு. மேப் சென்சார், த்ராட்டில் பாடி, ஏசி பிரஷர் சென்சார் மூன்றையும் மாற்றணும், அதுவும் போதாவிட்டால் ஈசிஎம் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். மூன்றும் ஒரே நாளில் கெடுமா அண்ணா?
– பி.வி., கடலூர்

ப: கெடாது. தெருவில் மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் விளக்கு அணைந்தால் மூன்று வீட்டு பல்பையுமா மாற்றுவோம்? கம்பத்தைப் பார்ப்போம்.

உங்கள் கோடுகளில் கடைசியாக எழுதிய பி0641தான் தலைவர். சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கிற 5 வோல்ட் சப்ளை சரியில்லை என்று அது சொல்கிறது. ஒரே 5 வோல்ட் லைனில் இரண்டு மூன்று சென்சார்களைக் கோர்த்து வைத்திருப்பார்கள். அதில் எவனோ ஒருவன் எர்த் ஆகிவிட்டால் மொத்த லைனும் படுத்துவிடும், மற்றவர்கள் எல்லாம் 'லோ, லோ' என்று புகார் எழுதுவார்கள். உங்களுடைய மற்ற மூன்று கோடும் 'லோ'தான், கவனித்தீர்களா.

கண்டுபிடிக்கும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். மேப் சென்சார் கப்ளரைக் கழற்றி, 5 வோல்ட் வர வேண்டிய முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டும். மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு அந்த லைனில் உள்ள மற்ற சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் துள்ளி வருகிறதோ அந்த சென்சார்தான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் வயரிங்கில் எங்கோ தோல் உரிந்து பாடியில் தொட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் மழை, வண்டி அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் மேலே தேங்காய் நார், சாப்பாட்டுக் கவர், எலிப் புழுக்கை ஏதாவது கிடக்கிறதா என்று மீட்டரை எடுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ஈசிஎம்மை மாற்றுவது எல்லா வயரையும் பார்த்து முடித்த பிறகு வருகிற பேச்சு.

எலிக்குப் புகையிலைக் கட்டு தொங்கவிடலாமா என்று தனியாக ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். விடுங்கள், ஒரு வாரம் வேலை செய்யும். எட்டாவது நாள் அதன் மேலேயே எலி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வண்டியைத் தினம் ஒரு சுற்று எடுப்பதும், ராத்திரி பானெட்டைத் திறந்து வைப்பதும் இதைவிடப் பலன் தருகிறது என்பது என் அனுபவம்.

கே: வேலூரிலிருந்து பெங்களூருக்கு மாதம் இரண்டு முறை நானே ஓட்டிப் போகிறேன். ஒன்றரை மணி நேரம் ஓடியதும் எஞ்சின் திடீரென்று நின்றுவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் ஓரங்கட்டிவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மூன்று பட்டறையில் காட்டிவிட்டேன், கோடு எதுவும் இல்லை, அதனால் பிரச்சினையும் இல்லை என்கிறார்கள். பெண் ஓட்டுகிற வண்டி என்பதால் இப்படிச் சொல்கிறார்களோ என்று தோன்றுகிறது.
– எஸ்., வேலூர்

ப: அதுவும் கொஞ்சம் இருக்கலாம் மேடம். ஆனால் முக்கியமான காரணம் அவர்கள் ஆறிப்போன வண்டியைப் பார்த்தது. இந்த வியாதி சூட்டில் மட்டும் வரும்.

என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை எண்ணிச் சொல்வது அதுதான், அது பேசாவிட்டால் எஞ்சின் சுற்றுவதே ஈசிஎம்முக்குத் தெரியாது, ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இரண்டு வயர் உள்ள காந்த வகையில் உள்ளே மயிரிழைக் கம்பிச் சுருள் இருக்கும். சூட்டில் விரிந்து ஓரிடத்தில் விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பி0335 என்ற கோடு விழ வேண்டும்தான். ஆனால் எஞ்சின் நின்றுவிட்டால் சிக்னல் வராதது நியாயம்தானே என்று சில வண்டிகளில் ஈசிஎம் பேசாமல் இருந்துவிடும்.

அடுத்த முறை நின்றால் சின்ன ஸ்கேனர் ஒன்றை மாட்டி, லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் வைத்துக்கொண்டு, செல்ஃப் எடுங்கள். செல்ஃப் சுற்றும்போது 150 முதல் 250 வரை ஏதாவது ஒரு எண் வர வேண்டும். 0 என்றே நின்றால் கிராங்க் சிக்னல் இல்லை, ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போங்கள், நாலாவது மெக்கானிக் வாய் திறக்க முடியாது. எண் வருகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்றால் சென்சாரை விடுங்கள், பெட்ரோல் பம்பையும் அதன் ரிலேயையும் சூட்டில் சோதிக்கச் சொல்லுங்கள். ஈரத் துணியை சென்சார் மேல் வைத்து உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பது பழைய பட்டறை வழக்கம், பலன் உண்டு, ஆனால் பல வண்டிகளில் அது கொதிக்கிற சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹைவே ஓரத்தில் நின்று நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

சென்சாரை மாற்றும்போது நுனியில் இரும்புத் தூள் அப்பியிருக்கிறதா, அதன் வயர் சைலன்சரில் உரசிக் கருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சரி செய்கிற வரை பெங்களூருக்கு பஸ். ஓடுகிற வண்டியில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் பூஸ்டரும் இரண்டு மிதிக்கு மேல் துணை வராது.

பி0016 என்று வந்தவர்கள் மூன்று பேர் இந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். கிராங்கும், வால்வுகளைத் திறக்கிற கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது அதன் அர்த்தம். டைமிங் செயின் தொய்ந்திருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். அதற்கு சென்சார் வாங்குவது, கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று கண்ணாடியை மாற்றுகிற வேலை.

கே: விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னுகிறது, வண்டியும் உதறுகிறது. கோடு பி0302. சர்வீஸுக்கு அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை ஓட்டலாமா?
– எம்.ஐ., நாகர்கோவில்

ப: ஓட்டாதீர்கள். மின்னுகிறது என்றால் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கன்வெர்ட்டர் விலையைக் கேட்டால் தூக்கம் போய்விடும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் கொடுக்கத் தனி காயில் உள்ள வண்டியாக இருந்தால், இரண்டாவது காயிலை எடுத்து மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டில் போட்டு, கோடை அழித்துவிட்டு ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பாருங்கள். கோடு பி0303 ஆக இடம் மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கை இதே மாதிரி மாற்றிப் போட்டுப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர். செலவு ஒரு ரூபாய் இல்லை.

கே: பிஎஸ்6 டீசல், 2021 மாடல். டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். கோடு பி2453. ஊருக்குள்தான் ஓட்டுகிறேன், அதனால்தான் அடைத்தது என்று திட்டும் வாங்கினேன்.
– என்.கே., சேலம்

ப: திட்டில் பாதி நியாயம் உண்டு. டிபிஎஃப் பிடித்து வைத்த கரியை எரிக்க உள்ளே 600 டிகிரி பக்கம் சூடு ஏற வேண்டும், நாலு ரோட்டுக்கும் ஐந்து ரோட்டுக்கும் போய்வந்தால் ஏறாது. வாரம் ஒரு முறை பைபாஸில் அரை மணி நேரம் விடுங்கள். ஆனால் கரி நிறைந்துவிட்டது என்று சொல்கிற கோடு பி2463. உங்களுக்கு வந்திருப்பது பி2453, ஃபில்டரின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கிற பிரஷர் சென்சார் சொல்வது நம்பும்படி இல்லை என்பது. ஒரு எண் வித்தியாசம், பில்லில் எத்தனை பூஜ்யம் என்று பாருங்கள்! சாவி ஆன், எஞ்சின் ஆஃப், அந்த நிலையில் இரண்டு பக்கமும் ஒரே காற்று, ஆகவே லைவ் டேட்டாவில் 0 அல்லது அதை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் சென்சார் அல்லது வயர். வந்தால் சென்சாருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களைக் கழற்றிப் பாருங்கள், ஒன்று சூட்டில் வெடித்திருக்கும், இல்லை கரியும் ஈரமும் சேர்ந்து அடைத்திருக்கும். அதையும் பார்த்த பிறகு டிபிஎஃப் பேச்சை எடுக்கலாம்.

கே: எங்கட கார் 2005ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தது. செக் எஞ்சின் லைட் பத்துது. கொழும்பில வாங்கின ப்ளூடூத் ஸ்கேனரைப் போட்டால் லைட் எரியுது, ஆனால் காரோட தொடர்பு கிடைக்கேல்லை. அதே ஸ்கேனர் மச்சானின்ர இந்தியக் காரில வேலை செய்யுது. என்ன செய்யலாம் ஐயா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: ஸ்கேனரில் குறை இல்லை. அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து எல்லாக் கார்களும் ஒரே மொழியில் பேச வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது, இந்தியாவில் பிஎஸ்4 காலத்தில் 2010, 2013 என்று இரண்டு கட்டமாக வந்தது. மச்சானின் கார் அந்த மொழி பேசுகிறது. ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த அந்தக் காலத்துக் கார்களில் பல அதே 16 பின் சாக்கெட்டை வைத்துக்கொண்டு உள்ளே கம்பெனியின் சொந்த மொழியைப் பேசும். சாக்கெட்டில் 16ஆம் பின்னில் பேட்டரி, 4லும் 5லும் எர்த், அதனால் உங்கள் ஸ்கேனரில் விளக்கு மட்டும் எரிகிறது. ஜப்பான் உள்நாட்டு மாடல்களையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள கராஜுக்குக் கொண்டுபோங்கள், ஜப்பான் வண்டி நிறைந்த உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சம் இருக்காது. அதற்கு முன்னால் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் சுத்தம் செய்துவிடுங்கள், உப்புக் காற்று ஊர்.

கே: செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். விளக்கு எதுவும் எரியவில்லை, நான் கொண்டுபோன ஸ்கேனரிலும் கோடு இல்லை. முன்பணம் கொடுக்கலாமா?
– எல்., தஞ்சாவூர்

ப: இன்னும் இரண்டு இடம் பாருங்கள். முதலில் சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது அந்த மஞ்சள் விளக்கு எரிகிறதா? எரிய வேண்டும். எரியாவிட்டால் யாரோ பல்பையே பிடுங்கிவிட்டார்கள். அப்புறம் ஸ்கேனரில் ரெடினஸ் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும். கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அங்கே 'நாட் ரெடி' என்று வரிசையாக வந்துவிடும், கார் பல விதமாக ஓடித் தன்னைத்தானே சோதித்து முடித்தால்தான் 'ரெடி' ஆகும். அதோடு பல வண்டிகளில் கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு எண்ணும் இருக்கும். விற்பவர் "ஆறு மாசமாகப் பட்டறைப் பக்கமே போனதில்லை" என்று சொல்லும்போது அங்கே 4 கிலோமீட்டர் என்று காட்டினால் சண்டை போட வேண்டாம், அந்தத் திரையை அவர் பக்கம் திருப்பி, "இந்தக் காரை இரண்டு நாள் நீங்களே ஓட்டுங்கண்ணே, சனிக்கிழமை வந்து மறுபடி ஸ்கேனர் போடறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சனிக்கிழமை என்ன ஆனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.